ஆட்டம் இல்லாத பெல்ட்

கேள்வி கேட்டவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. பதில் சொல்ல வேண்டியவளுக்கு ஒரு முடிகூட வெளுக்கவில்லை. இந்த மாதிரிக் கதைகளில் குருவுக்குத்தான் தாடி இருக்கும். இதில் தாடி சீடருக்கு. அதுவும் சவரம் செய்துகொள்ள மனசு வராமல் வளர்ந்த தாடி.

சீடரின் பெயர் நாச்சிமுத்து. கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் ஆயுசு பூராவும் ஃபிட்டர் வேலை பார்த்தவர். அவர் பூட்டிய நட்டு தானாகக் கழன்றது என்று யாரும் வந்து நின்றதில்லை. ஒரு பாகத்துக்கும் இன்னொரு பாகத்துக்கும் நடுவில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் மனுஷனுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

குருவின் பெயர் ஜெசிந்தா. ஊருக்கு வெளியே இருக்கிற ஒரு தரும ஆஸ்பத்திரியில், கை பெல்ட் கால் பெல்ட் செய்து மாட்டும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு, இளகியதும் எடுத்து, நோயாளியின் கைமேலேயே வைத்து வளைப்பாள். ஆறினால் அந்தக் கையின் வடிவம் அப்படியே நின்றுவிடும். எல்லோரும் அவளை டீச்சர் என்றார்கள், நாச்சிமுத்துவும் அப்படியே கூப்பிட்டார். அவள் அவரை அண்ணா என்றாள்.

நாச்சிமுத்துவின் மனைவி பூவாத்தாளுக்கு முடக்குவாதம். வலது மணிக்கட்டு வீங்கி, கை ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது. "மருந்து நோயைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும், பெல்ட் கையைக் கொஞ்சம் பிடிச்சு வைக்கும். ரெண்டும் ஒத்து வந்தா இந்தக் கை சோறு பிசையும். இல்லேன்னா கஷ்டம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடையில் வாங்கிய பெல்ட் லொடலொடவென்று இருந்தது. "இதென்ன பெல்ட்டா, தலகாணி உறையா?" என்று நாச்சிமுத்து தூக்கி எறிந்தார். தானே செய்ய உட்கார்ந்தார். அலுமினியத் தகடு, உள்ளே ரெக்சின், இறுக்குவதற்கு இரண்டு திருகு. அளவெடுக்க, மயிரிழை வித்தியாசத்தையும் காட்டுகிற வெர்னியர் அளவுகோல். பெண்டாட்டி கையை வெர்னியர் வைத்து அளந்த புருஷன் உலகத்திலேயே அவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

முதல் பெல்ட் வலித்தது. அடுத்ததும் வலித்தது. அதற்கடுத்தது வலித்ததோடு தோலையும் கீறியது.

"வலிக்குதுங்க" என்று பூவாத்தாள் சொன்னால் அவர் திட்ட மாட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். தட்டில் சோறு காயும். அவள் வந்து கூப்பிடுவாள். வேண்டாம் என்பார். மறுபடி கூப்பிடுவாள். பதிலே இருக்காது. கடைசியில் அவளும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

அவர் சாப்பிட உட்காரும் நாட்களிலும் ஒரு வழக்கு உண்டு. கரண்டி பிடிக்கும்போது அவளுக்குக் கை நடுங்கும், குழம்பு தட்டுக்கு வெளியே சிந்தும்.

"இடக்கையில போடு புள்ள."

"இடக்கையில சோறு போடறதாங்க? நல்லா இருக்குது போங்க. எங்கம்மா கேட்டா நாண்டுக்கிட்டுச் செத்துருவா."

வலக்கையிலேயே போடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு போடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் யாரோ சொல்லி, அவர் ஜெசிந்தாவின் அறை வாசலில் போய் நின்றார்.

"டீச்சர், எனக்கு ஒரே ஒரு சந்தேகமுங்க. கையைத் தாங்கோணும்னா எங்கியாவது அழுத்தித்தானுங்க ஆகோணும். அழுத்துனா வலிக்குது. அழுத்தாம தாங்கறது எப்படீங்க?"

ஜெசிந்தா அப்போது ஒரு பூக்கார அம்மாளுக்கு பெல்ட் வளைக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"இவங்க கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு இருங்கண்ணா. தகட்டை எடுத்துட்டு வந்துடறேன்."

நாச்சிமுத்து பிடித்தார். வெந்நீரிலிருந்து தகட்டை எடுத்துக்கொண்டு அவள் திரும்பி வருவதற்குள் பூக்கார அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஏண்ணா இப்படி நெரிக்கிறீங்க?"

"ஆடீரக் கூடாதுன்னு புடிச்சனுங்க."

"அவங்க எங்கேயும் ஓடிட மாட்டாங்கண்ணா" என்றாள் ஜெசிந்தா. அவர் கையை விலக்கிவிட்டு, தன் கையை அந்த அம்மாளின் முழங்கைக்குக் கீழே தட்டு மாதிரி விரித்து வைத்தாள். அவ்வளவுதான். பூக்கார அம்மாள் மூச்சு விட்டாள்.

நாச்சிமுத்துவுக்கு முகம் செத்துப்போனது. இருந்தாலும் தினமும் வந்தார். மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் வெட்டுவதையும் வளைப்பதையும் கண்கொட்டாமல் பார்த்தார். எலும்பு துருத்துகிற இடத்தில் அவள் தகட்டைக் குழிவாகத் தட்டிவிடுவதைப் பார்த்தார். ஓரங்களை வெளிப்பக்கமாக மடித்துவிடுவதைப் பார்த்தார்.

ஒன்று மட்டும் அவருக்குப் பொறுக்கவில்லை. பெல்ட்டை மாட்டிக் கொஞ்ச நேரம் ஆனதும் அவள் அதைக் கழற்றி மேஜைமேல் வைப்பாள். பிளாஸ்கைத் திறப்பாள். நோயாளிக்கு ஒரு டீ, தனக்கு ஒரு டீ. வாசலில் இத்தனை பேர் காத்துக்கிடக்க, இவள் பாட்டுக்கு ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பாள்.

"நீங்களும் இருந்து டீ குடிச்சுட்டுப் போங்கண்ணா."

"டீ குடிக்க வரலீங்க. தொழில் கத்துக்க வந்தனுங்க."

விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விடுவார். கற்றுக்கொண்டது மறந்துபோவதற்குள் அலுமினியத்தில் செய்து பார்க்க வேண்டுமே.

ஒருநாள் அவர் கிளம்பும்போது ஜெசிந்தா கேட்டாள். "அக்கா கையைக் காலையில அளந்தீங்களா, சாயங்காலமா?"

"ஒருவாட்டி அளந்தாப் போதாதுங்களா?"

"வீக்கம் காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு இருக்கும்ணா."

ஒரே நாளில் இரண்டு அளவு காட்டுகிற சாமானை நாச்சிமுத்து தன் சர்வீஸில் பார்த்ததில்லை. பஸ்ஸில் போகும்போது அதை நினைத்து எரிச்சல்பட்டார். அந்த ஆட்டத்தையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி திருகை இன்னும் ஒரு சுற்று கூட்டி வைத்தார்.

அப்படிச் செய்த பெல்ட்டைப் பூவாத்தாள் கையில் மாட்டிவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எப்படி இருக்குது புள்ள?"

அவள் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதுங்க."

"வலி?"

"இல்லீங்க."

மறுநாளும் இல்லை என்றாள். அதற்கு மறுநாளும் இல்லை. நாச்சிமுத்து சவரம் செய்துகொண்டார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு பெல்ட்டைக் காட்டி, "ஆட்டிப் பாருங்க, அசையுதா பாருங்க" என்றார். குளிக்கும்போது கழற்றுவதையும் பிறகு மாட்டுவதையும் அவளே பார்த்துக்கொண்டாள். அவர் உதவிக்குப் போனால், "நீங்க இருங்க, எனக்கே வருதுங்க" என்று முந்தானையைக் கைமேல் இழுத்துவிட்டுக்கொள்வாள்.

கொஞ்ச நாள் போனதும் அவளையும் கூட்டிக்கொண்டு ஜெசிந்தாவிடம் வந்தார். பரிசு வாங்க வந்தவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"டீச்சர், பண்ணீட்டனுங்க! ஒரு வலி இல்ல. கேட்டுப் பாருங்க அவளையே."

ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை. "உட்காருங்கக்கா" என்றாள். திருகுகளை மெல்ல விட்டாள். பூவாத்தாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

பெல்ட் வந்தது. அதோடு ஒரு துணிக்கிழிசலும் ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் யாருக்கும் தெரியாமல் மடித்து வைத்திருந்த பழைய சேலைத் துண்டு. சுண்டுவிரல் பக்கம் எலும்பு துருத்தும் இடத்தில் தோல் போயிருந்தது. மஞ்சள் அப்பியிருந்தாள். மஞ்சளுக்குள் சீழ் தெரிந்தது. கையைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பதிந்த இடமெல்லாம் செக்கச்செவேலென்று வளையம்.

நாச்சிமுத்து அந்தச் சேலைத் துண்டைக் கையில் எடுத்தார்.

ஜெசிந்தா புண்ணைத் துடைத்து மருந்து வைத்தாள். பிளாஸ்கைத் திறந்து மூன்று டம்ளரில் டீ ஊற்றினாள்.

"இப்பப் போயி டீயா டீச்சர்?"

"உட்காருங்கண்ணா."

பூவாத்தாளின் வலக்கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு ஜெசிந்தா குடிக்க ஆரம்பித்தாள். பூவாத்தாள் இடக்கையால் டம்ளரை எடுத்துக் குனிந்து குடித்தாள். நாச்சிமுத்துவின் டம்ளர் மேஜைமேல் அப்படியே இருந்தது. டீ தீரும்வரை ஜெசிந்தாவின் கண் அந்தச் சிவப்பு வளையத்தைவிட்டு நகரவில்லை. அவரும் அதையே பார்த்தார். டீ தீர்ந்தது. வளையம் அப்படியே இருந்தது.

"எல்லாருக்கும் எதுக்கு டீ குடுக்கறேன்னு நினைச்சீங்கண்ணா? டீ முடியறதுக்குள்ள சிவப்பு போயிடணும். போகலேன்னா அந்த பெல்ட்டை நான் குடுத்தனுப்ப மாட்டேன். வாயால கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க."

நாச்சிமுத்து மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்புள்ள சொல்லல?"

பூவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு. நாந்தான் தினமும் கேட்டனே?"

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க" என்றாள். "செவுத்தப் பாத்துட்டு உக்காந்துக்குவீங்க. எனக்கு அது தாங்காதுங்க. கை வலி எவ்வளவோ தேவலைங்க."

நாச்சிமுத்து ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

"இனி என்னங்க பண்றது டீச்சர்?"

"புண்ணு ஆறணும். அதுவரைக்கும் எந்த பெல்ட்டும் போடக் கூடாது. நான் செஞ்சதும்தான்."

"எத்தன நாளைக்குங்க?"

"ஒரு மாசம் ஆகலாம். மேலேயும் ஆகலாம்."

"அதுவரைக்கும் கை?"

ஜெசிந்தா பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள்.

"இன்னும் சாயும்ணா."

"அப்புறம் பெல்ட் போட்டா நிமிந்துக்குமுங்களா?"

"சாஞ்சது சாஞ்சதுதான்."

நாச்சிமுத்து எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே எதுவும் பார்க்கிற மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியின் மதில்சுவர்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கை சோறு பிசைவதற்கென்று இருந்த கொஞ்சநஞ்ச காலத்தைத் தன் கையாலேயே திருகித் திருகி முடித்துவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வலிக்க வலிக்க அவள் சிரித்த முகத்தைப் பார்த்து, இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம்! தன் மேலேயே அவருக்கு அப்படி ஓர் அருவருப்பு வந்தது.

முதுகுக்குப் பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. அவர் திரும்பவில்லை.

"பாவி நான்" என்றார் சுவரிடம். "ஆகாத தொழிலுங்க இது. நான் தொட்டா எல்லாம் நெரிஞ்சுதானுங்க போகும். வேண்டாமுங்க. இனி ஒண்ணும் செய்ய மாட்டேன். எனக்கு சோறும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம்."

ஜெசிந்தா இரண்டு காலி டம்ளர்களையும் எடுத்து ஓரமாக வைத்தாள்.

"நீங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறீங்க. வந்த அன்னைக்கே கேட்டனுங்க, இன்னைக்கு வரைக்கும் பதில் வரலை. இப்பவாவது சொல்லுங்க டீச்சர். அழுத்தாம தாங்கறதுன்னு ஒண்ணு இருக்குதுங்களா? இருந்தா, அது எப்படீங்க?"

"மொதல்ல திரும்பி அந்த டம்ளரை வாங்குங்கண்ணா" என்றாள் ஜெசிந்தா. "டீ ஆறிடுமேன்னு அக்கா அந்த வலது கையில நீட்டிக்கிட்டு எவ்வளவு நேரமா நிக்கறாங்க பாருங்க."