முயலக்காவின் விதைக்கூடை

குளத்தங்கரையில் முயலக்கா கம்பு விதைப்பாள். எருமையண்ணன் எரு போடும். பெருச்சாளி மண்ணைக் கிளறிக் கொடுக்கும். மைனா புழு பொறுக்கும். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே ஆளுக்கொரு பங்கு. மழைக்காலம் முழுக்க எல்லார் வயிறும் அதில்தான் நிறையும்.

அந்த வருஷம் ஆடி மாசம் முயலக்கா எரு கேட்டுப் போனாள்.

"இந்தத் தடவை கூலியை முன்னாடியே கொடுத்துடு தாயி," என்றது எருமை. பக்கத்துப் புல்லெல்லாம் காய்ந்துபோச்சு, மலையடிவாரம் வரைக்கும் நடந்து கால் வீங்கிப்போச்சு என்று காலைத் தூக்கிக் காட்டியது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முயலக்கா வீட்டில் இருந்தது விதைக்கூடை ஒன்றுதான். எரு இல்லாமல் விதைத்தால் கதிர் வருமா? அதிலிருந்தே அள்ளிக் கொடுத்தாள்.

மைனா காதில் விழுந்த சேதி எங்கே தங்கும்? மறுநாளே பெருச்சாளி வாசலில் நின்றது. "எருமைக்கு முன்கூலி, எனக்கு மட்டும் களத்துக் கூலியா?"

அதற்கும் அள்ளினாள். அடுத்து மைனாவே வந்து போன வருஷத்தைவிடக் கூடுதலாகக் கேட்டது. "ஊரே கூலியை ஏத்திடுச்சு, நான் மட்டும் என்ன இளிச்சவாயா?"

கூடையின் அடி தெரிந்தது. "இருக்கிறதை விதைப்போம், வாங்கடா," என்று குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வயலில் ஒரு மூலைதான் விதை கண்டது. மீதி இடத்தில் எருவைத் தின்று கோரை செழித்தது.

முன்கூலியை மூன்றும் எப்போதோ தின்று தீர்த்திருந்தன. அறுப்பன்று வழக்கம்போலக் களத்துக்கு வந்தால், அங்கே ஒரு முறம் கம்புதான்!

"மிச்சமெல்லாம் எங்கே தாயி?"

"ஆடியிலேயே சாப்பிட்டுட்டீங்களே அண்ணே. நான் அள்ளிக் கொடுத்தது விதை."

அந்நேரம் கடைக்குட்டி பசியில் முறத்துக்குள் கையை விட்டது. முயலக்கா மெல்ல அந்தக் கையை எடுத்துவிட்டாள். "வேண்டாம் கண்ணு, அடுத்த வருஷத்துக்கு விதை இதுதான்."

எருமையால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. குளத்தில் இறங்கித் தாமரைக் கிழங்கைப் பிடுங்கி வந்து குட்டிகள் முன்னே போட்டது. பெருச்சாளி கோரைக் கிழங்கு தோண்டியது. மைனா பழம் தேடிப் பறந்தது. அந்த மழைக்காலம் எல்லாருக்கும் அரை வயிற்றோடு போனது.

அடுத்த ஆடியில் கேட்பதற்கு முன்பே வயலில் எரு குவிந்திருந்தது. முயலக்காவும் சும்மா இருக்கவில்லை. எருமை மலைவரை நடக்கவேண்டாமென்று வரப்புப் புல்லை அறுத்துக் குட்டிகளிடம் கொடுத்தனுப்பினாள். கூடை நிறைய விதை இல்லைதான். ஆனால் இருந்த அத்தனையும் மண்ணுக்குள் போனது.

விதைக்கிறவர் சுமையில் ஆளுக்கொரு கை கொடுத்தால்தான் நாளைக்கு நம் எல்லார் தட்டிலும் சோறு விழும்.