மெல்லிய குரலுக்கு ஒரு ஹெட்போன்

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அமைதி. மற்ற நாளெல்லாம் தெருவுக்குத் தெரு விசைத்தறி ஓடும். ஒரு பட்டறையை விட்டு வெளியே வந்தால் அடுத்த பட்டறையின் சத்தம் பிடித்துக்கொள்ளும். தறிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் வைப்பது வீண் செலவு என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். சென்னியப்பன் பேசிக் கேட்டவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். அவர் வாழ்நாள் முழுக்கத் தறிகளுக்கு நடுவில் நின்றவர்.

அவருக்கு ஒரு குரு உண்டு. பெயர் மங்கையர்க்கரசி. வாய்க்கால் கரையில் ஓட்டுக் கொட்டகை ஒன்றில் தியானம் சொல்லிக்கொடுப்பார். சீடரைவிடக் குருவுக்கு வயது குறைவு. குரு சீடரை ‘அண்ணா’ என்பார், சீடர் குருவை ‘அம்மா’ என்பார். ஊரில் சிலருக்கு இது சிரிப்பாக இருக்கும். அவர்கள் இருவரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மற்றவர்கள் எழுந்து போன பிறகும் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, ஒண்ணு கேக்கோணுங்க.”

“கேளுங்கண்ணா.”

“காதை மூடிக்கறது தப்புங்களா?”

“எதுக்கு மூடறீங்க?”

“தறிச் சத்தத்துக்குத்தானுங்க. ஹெட்போன் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன். காதையே முழுசா மூடற மாதிரி. தியானத்துக்கு வர்றவன் சத்தத்துக்குப் பயந்து ஓடறானேன்னு நீங்க நினைப்பீங்களோன்னு யோசனை.”

“மூடறது இருக்கட்டும். மூடிக்கிட்டு எதைக் கேக்கப் போறீங்க?”

சென்னியப்பன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என்ற பொண்ணைத்தானுங்க.”

அவருக்கு ஒரே மகள், சிந்துஜா. தாய் இல்லாமல் வளர்ந்தவள். தறிச் சத்தத்தில் தூங்கி, தறிச் சத்தத்தில் வீட்டுப்பாடம் எழுதியவள். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். போன மாசியில் கழுத்தில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போனது, பெண் பிழைத்தாள், குரல் மட்டும் திரும்பி வரவில்லை. இப்போது அவள் பேசினால் காற்றுதான் வருகிறது. அதுவும் மத்தியானம் கொஞ்ச நேரம். சாயங்காலத்துக்குள் அந்தக் காற்றும் களைத்துவிடும். மத்தியானமோ அப்பாவுக்குத் தறி நேரம். ஞாயிற்றுக்கிழமையானால் மாப்பிள்ளை வீட்டில் ஆள் கூடிவிடும், அவர்கள் முன்னால் அந்தக் காற்றுக் குரலில் பேச அவள் கூச்சப்படுவாள்.

“நேத்து மாப்பிள்ளை போன் பண்ணுனாருங்க. ‘மாமா, அவ இனிமே உங்ககிட்டப் பேசலைங்கறா. ஏன்னு கேட்டா அழறா’ன்னாரு. அவ பேசறது எனக்குக் கேக்கறதில்லையே, அதுக்குத்தான் அழறா. வேற என்னங்க இருக்கு?” துண்டு மறுபடி முகத்துக்குப் போனது. “அவளும் பேசாமப் போயிட்டா எனக்கு யாருங்கம்மா இருக்கறாங்க?”

குரு எழுந்து செருப்பை மாட்டினார்.

“வாங்கண்ணா, கடைக்குப் போலாம்.”

உபதேசத்துக்குத் தயாராகி வந்த சென்னியப்பன் கொஞ்சம் தடுமாறித்தான் எழுந்தார். சாமியார்கள் ஹெட்போன் கடைக்கு வருவார்கள் என்று யார் நினைப்பார்கள்?

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய செல்போன் கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி. கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய ஹெட்போனை எடுத்தார். சென்னியப்பன் தலையில் மாட்டி, திருவிழாப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். தவிலும் பம்பையும் மண்டைக்குள் இறங்க, சென்னியப்பனின் முகம் மலர்ந்தது.

“பிரமாதமுங்க! இதையே குடுங்க!”

கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சார்ஜர் வாங்க வந்த ஒரு பெண் இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள். கடைக்காரர் சிரித்தார். குரு சிரிக்கவில்லை. சீடரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்.

“உங்க பொண்ணு தவில் வாசிக்கறாளாண்ணா?”

“இல்லீங்களே.”

“அப்புறம் எதுக்குத் தவிலைக் கேட்டுப் பாக்கறீங்க? அவ பேசி அனுப்புனது ஏதாச்சும் போன்ல இருக்குதா?”

ஒன்று இருந்தது. பட்டறையில் எத்தனையோ முறை காதோடு அழுத்திப் பார்த்தும் பிடிபடாமல் போனது. அதைப் போட்டார்கள். பெரிய ஹெட்போனில் அது போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் வந்தது.

கடைக்காரர் வேறொன்றை எடுத்தார். வெளிச் சத்தத்தை அதுவே தின்றுவிடும் என்றார். விலையையும் சொன்னார். சென்னியப்பன் அதை இரண்டு கையாலும் வாங்கி, தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் மேஜையில் திரும்ப வைத்தார்.

மூன்றாவது கறுப்பு நிறத்தில் சாதாரணமாக இருந்தது. மடித்தால் மத்தியானச் சாப்பாட்டுப் பையில் அடங்கும். வயர் உண்டு, வயரில் சின்னதாக ஒரு மைக். சார்ஜ் போடும் வேலை இல்லை. விலையும் கைக்கு எட்டியது.

“கொஞ்சம் இறுக்குதுங்களே.”

“காதைச் சுத்தி இடுக்கு இல்லாம உக்காந்தாத்தானுங்க சத்தம் உள்ள வராது. மெத்தை போகப் போக இளகிரும்” என்றார் கடைக்காரர்.

மகளின் குரலைப் போட்டார்கள். தெளிவாகக் கேட்டது. சென்னியப்பன் சட்டைப் பையில் கை வைத்தார்.

“இருங்கண்ணா. ஏசி ரூம்ல எல்லாமே நல்லாத்தான் கேக்கும். வெளிய வாங்க.”

“வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க” என்றார் கடைக்காரர்.

“நீங்களும் கூட வாங்க.”

மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டு வாசலில் போய் நின்றார்கள். ஈரோட்டு வண்டி ஒன்று ஹாரனில் கை வைத்தபடியே உள்ளே திரும்பியது. கண்டக்டர் கூவினார். வெள்ளரிக்காய் விற்பவர் அவரைவிட உரக்கக் கூவினார். நடுவில் ஹெட்போனோடு நின்ற சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

“என்னண்ணா சொல்றா?”

“அங்க மழை பேயுதாமுங்க! இங்க பேயுதான்னு கேக்கறா!”

வெள்ளரிக்காய்க்காரரே திரும்பிப் பார்த்தார். அந்த மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. சென்னியப்பன் அங்கேயே நின்று இன்னொரு முறை கேட்டார். கடைக்காரர் அவசரப்படுத்தவில்லை.

அன்றைக்கே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரே ஒரு முறை பேசச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

திங்கட்கிழமை மத்தியானம் முதலாளியிடம் சொல்லிவிட்டுத் தன் தறிகளை நிறுத்தினார். மற்றவர்களின் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தறி ஓடும்போது எங்கள் ஆட்கள் பாதிப் பேச்சைக் கையாலேயே முடித்துவிடுவார்கள். டீ வந்தது, நூல் அறுந்தது, முதலாளி வருகிறார், எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. மகள் பேசப் போகிறாள் என்பதையும் சென்னியப்பன் சைகையாலேயே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரோரமாகக் காத்திருந்தார். போன் வந்தது.

“அப்பா.”

பஞ்சு பறப்பதுபோல் அவ்வளவு மெல்லிசாக இருந்தது. ஆனால் கேட்டது. அவள் மூச்சு இழுப்பது கேட்டது. அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் அடிப்பதுகூடக் கேட்டது. சென்னியப்பனுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

“கேக்குது கண்ணு! நல்லாக் கேக்குது! பேசு சாமி, பேசு!”

கடைசித் தறியில் நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

மறுமுனையில் பேச்சில்லை.

“அம்மிணி! இருக்கறயா? மருந்து குடிக்கறயா? ஏன் பேச மாட்டீங்கறே?”

மூச்சு மட்டும் கேட்டது. அது இரண்டு முறை திக்கி நின்றது.

“வெச்சர்றேன்ப்பா.”

அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். பக்கத்துத் தறிக்காரர்கள் என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டார்கள். ஒன்றுமில்லை என்று இவரும் சைகையில் சொன்னார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கொட்டகைக்கு வந்தார். ஹெட்போனைக் குருவின் முன்னால் வைத்தார்.

“வேற மாத்தோணுங்கம்மா. அந்த விலை ஜாஸ்தியையே வாங்கிக்கறேன். கடன் பட்டாலும் பரவாயில்லை.”

“இதுல என்ன கோளாறு?”

“மைக்கு ரிப்பேராட்டம் இருக்குதுங்க. அவ பேசறது எனக்கு அச்சாக் கேக்குது. நான் பேசறதுதான் அவளுக்குப் போகலை. இல்லாட்டி ஏன் பதில் சொல்லாம வெச்சிருவா? நான் தொண்டைத் தண்ணி வத்தப் பேசிப் பாத்துட்டேனுங்க.”

குரு ஹெட்போனை எடுத்து அவரிடமே நீட்டினார்.

“போட்டுக்குங்கண்ணா. வயரைப் போன்ல மாட்டிக்கிட்டு இங்கயே உக்காந்திருங்க. நான் அந்தப் பக்கம் போய்க் கூப்பிடறேன்.”

“சோதிச்சுப் பாக்கறீங்களா?”

“ஆமாங்கண்ணா.”

குரு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, அக்கரையில் தென்னந்தோப்பு ஓரமாக வெகுதூரம் நடந்தார். சென்னியப்பன் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறி எதுவும் ஓடவில்லை. மெத்தை இளகி ஹெட்போன் இப்போது காதில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மகள் கடைசியாகத் திக்கிய மூச்சு அவர் நினைவில் வந்துகொண்டே இருந்தது.

போன் வந்தது. எடுத்தார்.

அடுத்த நொடி இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடுங்கி மடியில் போட்டார். அப்படியொரு கூச்சல். என்ன வார்த்தை என்றே அவர் காதில் வாங்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் அவரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. மடியில் கிடந்த ஹெட்போனிலிருந்து இன்னும் சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

குரு பாலத்தைத் தாண்டி மெதுவாகத் திரும்பி வந்தார். சென்னியப்பன் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. அடிபட்ட குழந்தை கேட்பதுபோல், பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை.

“நான் என்னங்கம்மா தப்புப் பண்ணுனேன்? எதுக்கு என்னை இப்படித் திட்டறீங்க?”

கத்தியதில் குருவின் தொண்டை கம்மிப் போயிருந்தது. காற்றுதான் வந்தது.

“திட்டலீங்கண்ணா. சாப்ட்டீங்களான்னு கேட்டேன்.”