வேர் வாசனைக் கூடு

குளக்கரை ஈச்சமரத்தில் பதினோரு தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆண் குருவி முதலில் பாதிக் கூடுதான் கட்டும். பெண் குருவி வந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொன்னால்தான் மீதியைக் கட்டும். அதுதான் அந்த மரத்து வழக்கம்.

பொன்னன் என்ற குருவிக்கு இரண்டு வருடமாக ஜோடி அமையவில்லை. இந்த மழைக்காலமும் போனால் தனிக்கட்டைதான். இந்த முறை அவன் புல்லோடு கொஞ்சம் வெட்டிவேரையும் சேர்த்துப் பின்னியிருந்தான். அந்த வாசனை என்றால் அவனுக்கு உயிர்.

பூவாள் என்ற பெண் குருவி வந்தாள். கூட்டுக்குள் நுழைந்து மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தாள். மற்ற கூடுகளையும் பார்த்துவிட்டு நாளை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை, பக்கத்துக் கிளைத் தவசி ஒரு கல்யாணப் பந்தலிலிருந்து ஜிகினாத் தாளைக் கொண்டுவந்து தன் கூட்டில் தொங்கவிட்டான். அவ்வளவுதான், மரமே ஜிகினாவுக்குப் பறந்தது!

"என்னப்பா, நீ இன்னும் வேரையே கட்டிக்கிட்டு அழறியா?" என்று தவசி கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பொன்னனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வேரையெல்லாம் உருவி எறிந்துவிட்டு அவனும் ஜிகினாவைச் சுற்றினான். அது தனக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை, அசடு.

மறுநாள் பூவாள் வந்து பார்த்தால், பதினோரு கூடும் ஒரே மினுமினுப்பு. ஆண் குருவிகளும் மஞ்சள் தலையோடு ஒன்றுபோலவே உட்கார்ந்திருந்தார்கள். கூடு கூடாக நுழைந்து பார்த்தவளுக்குக் கண் கூசியதுதான் மிச்சம். கடைசியில், ஆள் தெரியாமல் பொன்னனிடமே கேட்டாள்.

"இங்கே வேர் வாசனையோட ஒரு கூடு இருந்ததே, அது யாரோடது? எனக்கு அதுதான் வேணும்."

பொன்னன் தன் கூட்டைக் காட்டினான். "இதுதான் அது. எல்லாரும் சிரிச்சாங்கன்னு வேரை எடுத்துட்டேன்."

"உன்னோட குடித்தனம் பண்ணப்போறது எல்லாருமா, நானா?"

பொன்னன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. எதிர்க்கரைக்கும் மரத்துக்குமாகப் பறந்து பறந்து மறுபடியும் வேரைக் கொண்டுவந்து பின்னினான். முதல் தூறல் விழுந்தபோது பூவாள் கூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, வாசலை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

மழையில் ஜிகினா நனைந்து கிழிந்து தொங்கியது. தவசி அவசர அவசரமாக வெட்டிவேர் தேடப் புறப்பட்டான். பாவம், அந்த வாசனை பட்டாலே அவனுக்குத் தும்மல் வரும்.

ஊருக்குப் பிடித்ததற்காக நமக்குப் பிடித்ததைப் பிடுங்கி எறிந்தால், நம்மைத் தேடி வருகிறவர்களுக்கு நம் வீடு எதுவென்றே தெரியாமல் போய்விடும்.