பன்னிரண்டு தலைகள் ஆடிய சபை

பொன்வயல் பட்டணம் அப்போது ஊதிக்கொண்டே போனது. நேற்றுவரை கம்பு விளைந்த நிலத்தில் இன்றைக்குக் கடைத்தெரு. அதுவும் போதவில்லை. ராஜா சூரசேகரனுக்குப் புதுத் தெருக்கள் போட ஆசை வந்தது. "ஆனால் குடிமக்களைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது" என்றும் சொல்லிவிட்டார். நல்ல வார்த்தைதான். அதைப் போயும் போயும் பிரதானி கோதண்டராயரிடம் சொன்னாரே, அங்கேதான் வந்தது வினை.

"கேட்டுவிட்டால் போகிறது" என்று பிரதானி பன்னிரண்டு பேரைப் பிடித்து 'நகர சபை' என்று உட்காரவைத்தார். யார் யார் தெரியுமா? அவருடைய மைத்துனர், மைத்துனரின் சம்பந்தி, அரண்மனைக் குதிரைகளுக்குப் புல் போடும் குத்தகைக்காரர், முந்தாநாள்தான் ஊருக்கு வந்து இறங்கிய ஒன்றுவிட்ட மாமா. மிச்சப் பேரும் அதே லட்சணம்தான். ஆளுக்கொரு சரிகைச் சால்வை, வேளைக்கு வடை பாயசம். வேலை? பிரதானி கேட்டதும் தலையை ஆட்ட வேண்டும். தூ, இதற்குப் பெயர் சபையாம்!

அந்தச் சபை முதலில் கை வைத்தது அல்லி ஏரியில். ஏரியைத் தூர்த்துக் கடைத்தெரு கட்டுவதாம். கரையில் இருந்த அறுபது குயவர் வீடுகளும் ஊருக்கு வெளியே பாறைமேட்டுக்குப் போக வேண்டுமாம். அங்கே களிமண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாறையைப் பிசைந்தா பானை வனைவார்கள்?

அரசவையில் ஆவுடையப்பன் என்று ஒரு விகடகவி. வாய் கொஞ்சம் நீளம். அவன் வீட்டு வாசலில் குயவர் தெருச் செம்பாயி வந்து நின்றாள்.

"சாமி, சபையில இன்னைக்கு முடிவு சொல்லிட்டா நாளைக்கு மண்வெட்டியோட வந்துருவாங்களாம். எங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலையே!"

ஆவுடையப்பன் திண்ணையிலிருந்து எழுந்தான். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவனாவது அந்த ஏரியில் கால் நனைத்திருப்பானா? "நீ உங்க ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு அரண்மனை வாசலுக்கு வா தாயி" என்று சொல்லிவிட்டு, நேரே சந்தைப் பக்கம் நடந்தான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து சபை கூடியது. பிரதானி தொண்டையைக் கனைத்தார். "சபையோரே, அல்லி ஏரியைத் தூர்க்கலாம்தானே?"

பன்னிரண்டு தலைகளும் ஆடின. ராஜாவுக்கும் திருப்தி.

ஆவுடையப்பன் எழுந்தான். "மகாராஜா, இன்னும் ஒரு குடிமகன் வெளியே காத்திருக்கிறார். இந்த ஊரில் அவர் கால் படாத தெரு கிடையாது. அவரையும் கேட்டுவிடலாமே?"

"வரச் சொல்!" என்றார் ராஜா.

வந்தது ஒரு பூம்பூம் மாடு! கொம்பில் குஞ்சலம், முதுகில் சால்வை, பக்கத்தில் மேளத்தோடு மாட்டுக்காரர். சபை கொல்லென்று சிரித்தது.

"ஐயா மாட்டாரே, ஏரியைத் தூர்க்கலாம்தானே?" என்றான் ஆவுடையப்பன். மாட்டுக்காரர் மேளத்தில் ஒரு தட்டுத் தட்டினார். மாடு அழகாகத் தலையை ஆட்டியது.

பிரதானிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "பார்த்தீர்களா மகாராஜா! வாயில்லா ஜீவனுக்கே புரிகிறது!"

"புரிகிறது, புரிகிறது" என்ற ஆவுடையப்பன், பிரதானியைப் போலவே தொண்டையைக் கனைத்துக்கொண்டு பன்னிரண்டு பேர் பக்கம் திரும்பினான். பாதிப் பேருக்குப் பாயச மயக்கம். "சபையோரே, புதுக் கடைத்தெரு அகலமாக இருக்க வேண்டும். அதற்காகப் பிரதானியாரின் மாளிகையை இடித்து வழி விடலாம்தானே?"

பன்னிரண்டு தலைகளும் ஆடின. மைத்துனர் தலை எல்லோரையும்விட வேகமாக ஆடியது.

"அடப்பாவிகளா!" பிரதானி ஆசனத்திலிருந்து துள்ளிக் குதித்தார். "என் வீட்டை இடிக்க இவன்கள் யார்? அதில் குடியிருக்கிறவன் நான்! என்னைக் கேட்க வேண்டாமா?"

"மகாராஜா," என்று ஆவுடையப்பன் கை கூப்பினான், "வாசலில் நிற்கும் குயவர் தெருச் செம்பாயி சொல்வதும் இதேதான். பிரதானியார் என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்."

ராஜாவின் முகம் சிவந்தது. வாசலில் நின்ற குயவர்களை அந்த நிமிஷமே உள்ளே கூப்பிட்டார். செம்பாயி முன்னால் வந்தாள். "மகாராசா, மூணு ஓடைத் தண்ணி அந்த ஏரிக்குத்தான் வருது. அதைத் தூத்துட்டா ஐப்பசி மழையில தண்ணி எங்க போகும்? நேரா உங்க குதிரை லாயத்துக்குத்தான் வரும்!"

ராஜா அசந்துபோனார். ஏரியில் மண்வெட்டி படக் கூடாது, கரை வீடுகளில் ஒரு ஓடுகூட நகரக் கூடாது என்று அங்கேயே உத்தரவானது. இனி எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே குடியிருப்பவர்களிடம் நேரில் போய்க் கேட்க வேண்டும். கேட்கப் போகிறவன் ஆவுடையப்பன். செம்பாயி அழுதுகொண்டே சிரித்தாள்.

"சரி, இந்தப் பன்னிரண்டு பேரை என்ன செய்வது?" என்றார் ராஜா.

"நன்றாகப் பழகிய தலைகள், மகாராஜா. மாட்டுக்காரரிடமே கொடுத்துவிடலாம். ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போகட்டும்."

மாட்டுக்காரர் பதறிப்போய்க் கும்பிட்டார். "ஐயோ, வேணாம் சாமி! எம் மாடு நான் மேளம் தட்டினாத்தான் தலையாட்டும். இவங்க தட்டாமலே ஆட்டுறாங்க. இவங்களோட சேர்ந்தா எம் மாடு கெட்டுப் போயிடும்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. பன்னிரண்டு சால்வைகளையும் உருவி மாட்டுக்குப் போர்த்தச் சொன்னார்.