முழங்காலில் இருந்த ஈயம்

மலையடிவாரத்தில் குடிசை போட்டிருந்த துறவி வடிவம்மைக்குச் சீடர்கள் மூன்று நான்கு பேர்தான். அவர்களில் வேட்டைக்காரர் பூதலிங்கம் அவளைவிட வயதில் மூத்தவர். ஊரே அதிரச் சத்தம் போட்டுப் பேசுகிற மனிதர், அவள் முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவார்.

அன்று காலையில் வந்தவர் துண்டை விரித்து இரண்டு தோட்டாக்களை வைத்தார்.

"நொண்டி யானையைச் சுடச் சொல்லிக் கலெக்டர் உத்தரவு வந்துட்டும்மா. இதுல எதை எடுத்துட்டுப் போகட்டும்?"

நொண்டி யானை என்றாலே அந்தப் பக்கத்தில் குலை நடுங்கும். மலையேறி மேய முடியாமல் அடிவாரத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. போன வாரம் விறகுக்குப் போன இசக்கியம்மாளை மிதித்துக் கொன்றுவிட்டது.

"எனக்கென்ன தெரியும்? நீரே சொல்லும்" என்றாள் வடிவம்மை.

தோட்டாவைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"இந்தச் சின்னது மிளா மானுக்கு. மூக்கு வெறும் ஈயம், பட்டதும் சப்பளிஞ்சு விரியும். யானைக்கு ஆகாது, எலும்புல நின்னுரும். இந்தப் பெரிசு கெட்டித் தோட்டா. எலும்பைத் துளைச்சுக்கிட்டு உள்ள போயிரும். ஒண்ணே போதும். என்ன, இதைப் போடுற ரைபிள் கழுதை மாதிரி தோள்ல உதைக்கும்."

"எல்லாம் தெரிஞ்சிருக்கே. பிறகு என்னத்துக்கு எங்கிட்ட வந்தீரு?"

பூதலிங்கத்தின் தலை தானாகக் குனிந்தது.

"அதை நொண்டியாக்கினது நான்தாம்மா. ரெண்டு வருசத்துக்கு முன்னால, வாழைத்தோப்புல புகுந்தப்ப சுட்டேன். யாருக்கும் தெரியாது."

"எதைப் போட்டுச் சுட்டீரு?"

"சின்னதை."

"ஏன்?"

"அன்னைக்குத் தோள்வலி. பெரிசு உதைக்குமேன்னு..."

"சுட்ட பிறகு?"

"ரத்தம் சொட்டின தடம் இருந்துச்சு. அடிபட்டதைத் தேடிப் போய் முடிக்கணும், அதுதான் வேட்டைக்காரனுக்கு முறை. மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. வீட்டுக்கு வந்துட்டேன்."

வடிவம்மை இரண்டு தோட்டாக்களையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அன்னைக்கு உம்ம தோளை நெனச்சு எடுத்தீரு. இன்னைக்கு யானையை நெனச்சு எடும்."

மறுநாளே யானை விழுந்தது. ஒரே வெடி. ஊர் மேளமும் மாலையுமாகத் திரண்டு வந்துவிட்டது. இசக்கியம்மாளின் புருசன் சுடலைக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "நீங்க நல்லா இருக்கணும் அண்ணாச்சி" என்று அவர் காலில் விழுந்து அழுதான். பூதலிங்கத்துக்கு அவனைத் தூக்கி நிறுத்தக்கூடக் கை வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு யானையின் முழங்காலைக் கத்தியால் கீறிப் பார்த்தார். சீழுக்குள் இருந்தது, சட்டைப் பித்தான் மாதிரி சப்பளிந்த ஈயம். எலும்பில்தான் நின்றிருந்தது.

நேரே குடிசைக்கு வந்தார். அதை வடிவம்மை முன்னால் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சொல்லும்போதே உடைந்துவிட்டார்.

"பாவி நான். அன்னைக்கே அது பின்னால போயிருந்தா, இசக்கி இந்நேரம் அடுப்பு பத்த வச்சிருப்பா. அவ புருசன் எங்கால்லயே விழுதான்மா! இதை ஆத்துல வீசிரட்டுமா? கையில வச்சிருக்க முடியல."

வடிவம்மை அந்த ஈயத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"அவ்வளவு கனமா?"

"ஒரு கொட்டைப்பாக்கு கனம்தான் இருக்கும். ஆனாலும் தூக்க முடியலம்மா."

"அந்த யானை இதை ரெண்டு வருசம் தூக்கிட்டு நடந்துச்சு" என்று அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"ஆத்துக்குப் பிறகு போகலாம். உம்ம கால்ல விழுந்தானே, முதல்ல அவன் கையில இதைக் கொடும்."