ஐஸ் மாதிரி இன்ஜின்

தூத்துக்குடி மீன் வியாபாரி கர்வாலோவுக்கு எல்லாமே குளிர்ந்து இருக்க வேண்டும். புது பிக்கப் வண்டியில் சூடு காட்டும் முள் நடுவில் நிற்பதைப் பார்த்துக் கொதித்துப்போனார்.

"ஓடுற இன்ஜினுக்கு அதுதான் சரியான சூடு, மொதலாளி. தொண்ணூறு டிகிரி," என்றார் டிரைவர் இசக்கி.

"எனக்கே பாடமா? நாளைக்கு முள் கீழே இறங்கணும். இல்லன்னா நீ இறங்கிக்கோ!"

மறுநாள் சந்தைக்கு வந்து நின்றபோது முள் அடியில் கிடந்தது. "பாத்தியளா? ஒரு அதட்டு போட்டேன், இன்ஜின் ஐஸாயிட்டு!" என்று மற்ற வியாபாரிகளிடம் மார்தட்டினார் கர்வாலோ.

இசக்கி பானட்டைத் திறந்து, ஒரு சீலா மீனை நீட்டினார். "அப்போ இதை இன்ஜின் மேல வைங்க மொதலாளி. ஐஸ் செலவு மிச்சம்."

"வெந்துரும்லே!"

சந்தையே சிரித்தது.

"முள்ளைத்தானே இறக்கச் சொன்னீய? அதோட ஒயரைக் கழட்டிட்டேன். இப்போ நான் இறங்கவா, முள் ஏறட்டுமா?"