சுண்ணாம்பை நக்கிய பல்லி

நாலு கால் உண்டு, தரையில் தங்காது. நாக்கு உண்டு, ஒரு சொல் வராது. ஆனாலும் அது வாயைத் திறந்தால் பெரியவர்களின் பேச்சே நின்றுவிடும். அது என்ன?

பல்லி என்று சொல்லியிருப்பீர்கள். சரிதான். ஆனால் அதற்குச் சொல் வராமல் போனது எப்படி?

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், பல்லியைப் போல ஒரு வாயாடி கிடையாது. எந்த வீட்டுக் குழம்பில் உப்பில்லை, எந்த மாமியார் யாரைத் திட்டினாள் என்று சுவர் சுவராகப் போய்ச் சொல்லும். பாதி நிஜம், பாதி அதன் கைச்சரக்கு. அதனால் யாரும் அதை நம்புவதில்லை.

அப்போது வெண்கரைப் பட்டணத்தார் மழையில் நனையாமல் ஊர்க்கூட்டம் போட ஒரு நகர மண்டபம் கட்டினார்கள். செங்கல்லும் சுண்ணாம்புமாக, கவிழ்த்த பானைபோல மேலே பெரிய கும்மட்டம். கட்டியவர் வேலாண்டிக் கொத்தனார். சுண்ணாம்பு இறுகும்வரை கும்மட்டத்தை நான்கு முட்டுக்கட்டைகள் தாங்கி நின்றன. நாற்பது நாள் அவற்றைத் தொடக்கூடாது. ஆனால் ஊர்த்தலைவர் உமையொருபாகம் முப்பதாம் நாளிலேயே திறப்புவிழாவுக்கு முகூர்த்தம் குறித்துவிட்டார். பக்கத்து ஊர்களுக்கு வெற்றிலை பாக்கும் போய்விட்டது. இன்னும் பத்து நாள் வேண்டும் என்று வேலாண்டி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வெயில்தான் நன்றாக அடிக்கிறதே என்றார் தலைவர். வேலாண்டி வேலையைப் பார்க்கப் போனார்.

கட்டைகளைத் தட்டி எடுப்பது தலைமைக் கொத்தனாரின் பொறுப்பு. தான் கட்டிய கும்மட்டத்தின் அடியில் தான் மட்டும் நின்று எடுக்க வேண்டும். அது அவர்கள் தொழிலின் வழக்கம். முகூர்த்த நாள் காலையில் வேலாண்டி கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலோடு உள்ளே போனார். அவருடைய எட்டு வயது மகள் பூவாயி கூட்டத்தோடு வாசலில் நின்றாள்.

முதல் கட்டை விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவது விழுந்தபோது மேலிருந்து பல்லி கத்தியது.

“நிறுத்துங்க கொத்தனாரே. உள்ளே சுண்ணாம்பு இன்னும் பச்சையா இருக்கு. என் வயித்துக்கு அடியில விரிசல் ஓடுது.”

கூட்டம் சிரித்தது. “போன வாரம் என் வீட்டுக் கிணறு வத்திப்போச்சுன்னு ஊரெல்லாம் சொன்னதும் நீதானே,” என்றார் தலைவர். “நல்ல நேரம் முடியப்போகுது. நீ தட்டு வேலாண்டி.”

வேலாண்டி கடைசிக் கட்டையின் முன் போய் நின்றார். பிறகு கொட்டாப்புளியை ஓங்கினார்.

பல்லிக்கு வேறு வழி தெரியவில்லை. இறுகிய சுண்ணாம்பு நாக்கைச் சுடாது. பச்சைச் சுண்ணாம்புதான் சுடும். வெற்றிலை போடுகிற எல்லாருக்கும் அது தெரியும். “இங்கே பாருங்க,” என்று சொல்லி, விரிசலுக்குள் நாக்கை விட்டு நக்கியது. அதற்குப் பிறகு சொல் வரவில்லை. நாக்கு வெந்துபோயிருந்தது. ‘ச்சு, ச்சு, ச்சு’ என்ற சத்தம் மட்டும் வந்தது. இது என்ன புது வித்தை என்று சிலர் அதற்கும் சிரித்தார்கள்.

பூவாயி சிரிக்கவில்லை. பொய் சொல்கிறவர்கள் தங்கள் நாக்கையே சுட்டுக்கொள்வார்களா என்று அவள் யோசித்தாள். யாரையும் கேட்காமல் உள்ளே ஓடி, கடைசிக் கட்டையைக் கட்டிக்கொண்டு அதன் அடியில் உட்கார்ந்தாள்.

“எழுந்து வெளியே போ தாயி,” என்றார் வேலாண்டி.

“நீ தட்டுப்பா. நான் இங்கேயே இருக்கேன்.”

மேலிருந்து பொடி உதிர்ந்து அவள் தலைமுடியில் விழுந்தது. நேரம் போகிறது, பிள்ளையைத் தூக்கு என்று வாசலிலிருந்து தலைவர் அதட்டினார். வேலாண்டி திரும்பினார்.

“ஐயா, நீங்க வந்து இவ பக்கத்துல நில்லுங்க. நான் தட்டுறேன்.”

தலைவர் வாசற்படியைத் தாண்டி ஒரு கால் வைத்தார். மேலே பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார்.

வேலாண்டி கொட்டாப்புளியைக் கீழே வைத்தார். விழுந்த மூன்று கட்டைகளையும் வேலையாட்கள் அவசரமாகத் தூக்கி நிறுத்தித் திரும்ப முட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் ஏணியில் ஏறி விரிசலில் விரலை விட்டார். சுண்ணாம்பு கெட்டித் தயிர்போல விரலோடு வந்தது. அதை எல்லாரும் பார்க்கும்படி நீட்டினார். விரிசலைப் பூசி, மேலும் நாற்பது நாள் பொறுத்துத்தான் மண்டபத்தைத் திறந்தார்கள்.

பல்லிக்குச் சொல் திரும்பி வரவே இல்லை. அன்று முதல்தான், பேச்சின் நடுவே பல்லி சத்தம் கேட்டால் எவ்வளவு பெரியவரும் பேச்சை நிறுத்தி, ஒருமுறை மேலே பார்க்கிறார்.

திறப்பு நாளில் மூன்று கட்டைகளை எடுத்தபின், நான்காவதையும் எடுக்கலாமா என்று பூவாயியைத்தான் கேட்டார்கள். அவள் வேண்டாம் என்றாள்; பல்லி சொன்ன சொல்லுக்கு அடையாளமாக அது அங்கேயே நிற்கட்டும் என்றாள்.